கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மிகைத் தைராய்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணியின் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைந்திருந்தால் உடனே மாத்திரை வேண்டும் என்று பதறுகிறவர்களும் உண்டு. 'கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம்' என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சில நேரம் சரி, சில நேரம் பெருந்தவறு. ஏனெனில் தாளில் ஒரே மாதிரித் தெரியும் எண்களுக்குப் பின்னால் முற்றிலும் வேறான காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்றுக்கு மருந்தே வேண்டாம். இன்னொன்றுக்கு மருந்தை ஒரு நாளும் தானாக நிறுத்தக் கூடாது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்தைத் தேடுவதைப் பற்றியவையே.

மிகைத் தைராய்டு என்றால் என்ன?

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். மூலம் சொல்கிறது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மிஞ்சினால் பிட்யூட்டரி தன் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மிகைத் தைராய்டில் டி.எஸ்.எச். குறையும், டி4 அல்லது டி3 கூடும். நம் ஊரில் அதிகம் பேசப்படும் குறை தைராய்டில் இது அப்படியே தலைகீழ். 'தைராய்டு இருக்கிறது' என்று மட்டும் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், உறவினர் ஒருவரின் மாத்திரைப் பெயரைக் கேட்டு இன்னொருவர் வாங்கிச் சாப்பிடும் விபரீதமும் நடக்கிறது. எந்தத் தைராய்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

கர்ப்பத்தில் டி.எஸ்.எச். இயல்பாகவே குறையுமா?

குறையும். கரு பதிந்தபின் உருவாகும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் அமைப்பில் டி.எஸ்.எச்.சை ஒத்தது, அதனால் தைராய்டையும் ஓரளவு தூண்டிவிடுகிறது. 8 முதல் 11-ஆவது வாரம் வரை எச்.சி.ஜி. உச்சத்தில் இருக்கும், அதே வாரங்களில் டி.எஸ்.எச். மிகவும் தாழ்ந்திருக்கும். நோய் ஏதுமற்ற கர்ப்பிணிகளிலும் முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு டி.எஸ்.எச். 0.4-க்குக் கீழே இறங்கலாம். பரிசோதனைக் கூடங்கள் அச்சிடும் 'இயல்பு அளவு' பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கு உரியது என்பதால், எண்ணுக்கு அருகே தடித்த எழுத்திலோ நட்சத்திரக் குறியுடனோ 'குறைவு' என்று வந்திருப்பது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது.

மொத்த டி4 அளவும் கர்ப்பத்தில் ஏறும். ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் கூடுவதால் 16-ஆவது வாரத்துக்குப் பிறகு மொத்த டி4 வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வரை இருப்பது இயல்பே. எனவே மொத்த டி4 உயர்வை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவதில்லை.

எனக்கு 10-ஆவது வாரம். வாந்தி ஓயவில்லை. டி.எஸ்.எச். 0.03, ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) சற்று அதிகம். இது நோயா?

பெரும்பாலும் இது கர்ப்பகாலத் தற்காலிக மிகைத் தைராய்டாகத்தான் இருக்கும். 100 கர்ப்பங்களில் 1 முதல் 3 வரை இது காணப்படுகிறது. எச்.சி.ஜி. மிக அதிகமாக இருப்பதே காரணம். ஆகவே இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்களிடமும், மசக்கை முற்றி எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்து உடல் வற்றிப்போகிறவர்களிடமும் இது கூடுதலாக வருகிறது. முத்துப்பிள்ளை கர்ப்பம் எனப்படும் அசாதாரண நிலையிலும் எச்.சி.ஜி. எக்கச்சக்கமாக ஏறும் என்பதால், ஆரம்பகால ஸ்கேன் எடுக்காதவர்கள் அதை எடுத்துவிடுவது நல்லது.

இதற்குத் தைராய்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் தேவையில்லை. வாந்தியை அடக்கும் மருந்து, நீர்ச்சத்து, தேவைப்பட்டால் மருத்துவமனையில் சலைன், அதனுடன் பி1 வைட்டமின் ஆகியவையே சிகிச்சை. படபடப்பு மிகவும் தொல்லை தந்தால் சில நாட்களுக்கு மட்டும் புரோப்ரனலால் போன்ற மருந்து தரப்படலாம். எச்.சி.ஜி. இறங்க இறங்க, 14 முதல் 18 வாரங்களுக்குள் ஃப்ரீ டி4 தானாக இயல்புக்குத் திரும்பிவிடும். டி.எஸ்.எச். இன்னும் சில வாரங்கள் தாழ்ந்தே இருக்கலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

ஆனால் வாந்தி இருக்கிறது என்பதாலேயே இதுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கர்ப்பத்துக்கு முன்பே படபடப்பும் எடைக்குறைவும் இருந்தனவா, கழுத்தில் வீக்கம் தெரிகிறதா, கண்கள் பிதுங்கினாற்போல் உள்ளனவா, குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு நோய் உண்டா என்று மருத்துவர் கேட்பார். இவற்றில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி உங்களுக்கானது.

கிரேவ்ஸ் நோய் என்பது என்ன?

1835-இல் இதை விவரித்த அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரால் வழங்கும் நோய் இது. உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தவறுதலாக ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது, அது டி.எஸ்.எச். உட்காரவேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு தைராய்டை ஓயாமல் தூண்டுகிறது. கர்ப்பத்தில் மருந்து தேவைப்படும் மிகைத் தைராய்டுக்கு முதன்மையான காரணம் இதுதான். 1,000 கர்ப்பங்களில் சுமார் 2 என்ற அளவில் காணப்படுகிறது.

இந்த எதிர்ப்பொருளை டி.ஆர்.ஏ.பி. என்ற இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். கர்ப்பத்தில் ஐயத்தைத் தீர்க்கும் பரிசோதனை இது ஒன்றே எனலாம். கட்டணம் சற்றுக் கூடுதல்தான். ஆயினும் தேவையற்ற மாத்திரையைக் கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் விழுங்குவதைத் தவிர்க்க உதவும் என்பதால் அந்தச் செலவு வீண்செலவு ஆகாது.

எனக்கு ஏற்கெனவே குறை தைராய்டு. லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) சாப்பிடுகிறேன். இப்போது டி.எஸ்.எச். மிகவும் குறைந்துவிட்டது. எனக்கும் மிகைத் தைராய்டு வந்துவிட்டதா?

பெரும்பாலும் மாத்திரையின் அளவு கூடிவிட்டது என்றுதான் பொருள். கர்ப்பம் உறுதியானதும் லெவோதைராக்சின் அளவை உயர்த்துவது வழக்கம். சிலருக்கு அது தேவைக்கு மேல் போய்விடும். அளவைச் சரிசெய்தால் போதும். தைராய்டை அடக்கும் மாத்திரை இதற்கு வேண்டியதில்லை. நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, ஏனெனில் முதல் மாதங்களில் குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது.

இதே சிக்கல் பிரசவத்துக்குப் பின் இன்னும் அதிகமாக நேர்கிறது. பிள்ளை பிறந்ததும் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவுக்குக் குறைத்து, 6 வாரங்களில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் பழைய உயர்ந்த அளவே எழுதப்பட்டிருக்க, அதையே மாதக்கணக்கில் தொடர்ந்து, தூக்கமின்மைக்கும் படபடப்புக்கும் குழந்தையைக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பலர். சீட்டை வாங்கும்போதே 'தைராய்டு மாத்திரை இனி எத்தனை மைக்ரோகிராம்?' என்று கேட்டுவிடுங்கள்.

கர்ப்பத்தின் இயல்பான தொல்லைகளும் இந்த நோயின் அறிகுறிகளும் ஒன்றுபோல இருக்கின்றனவே. எப்படிப் பிரித்தறிவது?

உண்மைதான். வியர்வை, வெக்கை தாங்காமை, களைப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு எல்லாமே நல்ல ஆரோக்கியமான கர்ப்பிணிக்கும் உண்டு. அதிலும் மே மாதத்தில் எது கர்ப்பம், எது கத்தரி வெயில் என்றே சொல்ல முடியாது. சில அறிகுறிகளைத் தனியாகக் கவனிக்கலாம்.

முதலாவது, நாடி. பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின்னும், இரவில் தூக்கத்தினிடையே விழிக்கும்போதும் நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது, நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமல் இருப்பது அல்லது குறைவது. மூன்றாவது, கை நடுக்கம்: இரு கைகளையும் நேரே நீட்டி, விரல்களை விரித்து, புறங்கைமேல் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பாருங்கள், தாளின் ஓரம் நுணுக்கமாக அதிர்ந்துகொண்டே இருந்தால் நடுக்கம் இருக்கிறது என்று பொருள். கழுத்தின் முன்புறம் வீக்கம், கண் பிதுக்கம், இமை மேலேறி விழித்த பார்வை ஆகியவை கர்ப்பத்தால் வருபவை அல்ல.

என்னென்ன பரிசோதனைகள் பாதுகாப்பானவை?

டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, மொத்த டி3, டி.ஆர்.ஏ.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகளால் குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை. கழுத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டும் அவ்வாறே. கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் தைராய்டு ஸ்கேனைக் கர்ப்பத்தில் எடுக்கவே கூடாது.

பலர் மருத்துவரிடம் சொல்ல மறக்கும் ஒரு விஷயம் பயோட்டின். முடி உதிர்வுக்கும் நகத்துக்கும் விற்கப்படும் மாத்திரைகளிலும் 'கம்மி' மிட்டாய்களிலும் இது தாராளமாக உள்ளது. சில வகை ஆய்வுக் கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும், டி.ஆர்.ஏ.பி.யைக்கூடப் பொய்யாகக் கூட்டிக் காட்டக்கூடும். அப்போது நோயே இல்லாதவருக்கு அறிக்கை அச்சு அசல் கிரேவ்ஸ் நோய்போலவே வரும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். மிக அதிக அளவில் உட்கொள்பவர்கள் இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கும்.

கிரேவ்ஸ் நோய்க்குச் சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும்?

கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, வயிற்றிலேயே குழந்தை இறத்தல், இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் கசியும் முன்சூல்வலிப்பு, தாயின் இதயம் செயலிழத்தல் ஆகிய அபாயங்கள் கூடுகின்றன. எல்லாவற்றிலும் கொடியது தைராய்டு ஸ்டார்ம் என்ற நிலை. கட்டுப்பாட்டில் இல்லாத நோயின்மீது பிரசவ வலியோ, அறுவை சிகிச்சையோ, கிருமித்தொற்றோ சேரும்போது கடும் காய்ச்சல், தாறுமாறான இதயத்துடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் எல்லாம் ஒருங்கே வரும். இது தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கவேண்டிய அவசரம். முறையாக மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு இது அரிதினும் அரிது. கிரேவ்ஸ் உள்ள பெண்களில் மிகப் பலர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்றுக்கொள்கிறார்கள்.

இந்த மாத்திரைகள் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்காதா?

மூடி மறைக்காமல் சொல்லவேண்டிய கேள்வி இது. இரண்டு மருந்துகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று கார்பிமசோல், நியோமெர்கசோல் என்ற பெயரில் நம் ஊரில் பலருக்கும் பழக்கமானது. உடலுக்குள் சென்றதும் இது மெத்திமசோலாக மாறுகிறது. மற்றொன்று புரோபைல்தயோயுரசில், சுருக்கமாக பி.டி.யு. இரண்டுமே நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும்.

கருவின் உறுப்புகள் உருவாகும் 6 முதல் 10-ஆவது வாரங்களில் கார்பிமசோல் எடுத்தவர்களின் குழந்தைகளில் 2 முதல் 4 சதவீதம் பேருக்குப் பிறவிக் குறைகள் ஏற்படலாம்: உச்சந்தலையில் தோல் இல்லாத திட்டு, மூக்கின் பின்வழி அடைப்பு, உணவுக்குழாய்க் குறைபாடு, வயிற்றுச் சுவர்க் குறைபாடு போன்றவை. பி.டி.யு.விலும் 2 முதல் 3 சதவீதம் குழந்தைகளுக்குக் குறைகள் வரலாம். ஆனால் அவை பெரும்பாலும் கடுமை குறைந்தவை. இதனால்தான் முதல் மூன்று மாதங்களில் பி.டி.யு.வைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பி.டி.யு.வுக்கும் ஒரு குறை உண்டு. அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2010-இல் அதன் உறைமேல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது இதற்காகவே. 16 வாரங்களுக்குப் பின் மீண்டும் கார்பிமசோலுக்கு மாற்றும் மருத்துவர்களும் உண்டு, பி.டி.யு.விலேயே தொடர்பவர்களும் உண்டு. இதில் ஒரே விதி என்று ஒன்றில்லை.

குறைந்த அளவில் மருந்து எடுத்து, நெடுநாள் இயல்பான அளவுகளுடன் இருந்து, கழுத்து வீக்கமோ உயர்ந்த எதிர்ப்பொருளோ இல்லாத சிலருக்கு, கர்ப்பம் உறுதியானவுடன் மருந்தையே நிறுத்தி ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்துவரும் வழியும் உண்டு. யாருக்கு இது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். இணையத்தில் பிறவிக் குறைகளின் படங்களைப் பார்த்துப் பயந்து, சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்துவதால் வரும் ஆபத்து, மாத்திரையால் வரும் ஆபத்தைவிடப் பெரிது.

பி.டி.யு. எல்லா மருந்துக் கடைகளிலும் கேட்டவுடன் கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். சிறு ஊர்களில் இருப்பவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கார்பிமசோலைப் போல ஒரு வேளையாக அல்லாமல், இதை நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

மருத்துவர் ஏன் டி4-ஐ முழுவதும் இறக்காமல், இயல்பின் மேல் எல்லையிலேயே விட்டுவைக்கிறார்?

கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே செய்வது. தாய்க்குச் சரியாகத் தோன்றும் மருந்தளவு குழந்தையின் தைராய்டைச் சற்றுக் கூடுதலாகவே அடக்கிவிடும். குழந்தைக்குக் குறை தைராய்டும் கழுத்து வீக்கமும் வந்துவிடலாம். ஆகவே, முடிந்தவரை குறைந்த அளவு மருந்தில், தாயின் ஃப்ரீ டி4 மேல் எல்லையிலோ அதைச் சற்றே தாண்டியோ இருக்கும்படி வைக்கிறார்கள். டி.எஸ்.எச். தாழ்ந்தே இருக்கும், அதை 'சரியாக்க' முயல்வதில்லை. சுமார் 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கப்படும். கர்ப்பம் முன்னேற முன்னேற நோய் தணிவதால், கடைசி மூன்று மாதங்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு மாத்திரையையே நிறுத்த முடிகிறது.

மாத்திரை எடுக்கும்போது எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்?

காய்ச்சலுடன் தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால். இரு மருந்துகளும் ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களைத் திடீரென அழித்துவிடும். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது. அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அன்றே மருத்துவரிடம் போய் 'நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று சொல்லி வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தல், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போதல், மேல் வயிற்று வலி, உடலெங்கும் அரிப்பு ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். அவற்றுக்கும் இதே அவசரம் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்பே எனக்குத் தைராய்டை அகற்றிவிட்டார்கள். இப்போது லெவோதைராக்சின் மட்டுமே. பழைய கதையைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். சுரப்பி போய்விட்டாலும் அதைத் தூண்டிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் தங்கியிருக்கலாம். கதிரியக்க அயோடின் சிகிச்சை (கதிரியக்கத்தால் தைராய்டை அழிக்கும் முறை) பெற்றவர்களுக்கு அது பல ஆண்டுகள்கூட நீடிக்கும். தாயிடம் தூண்டுவதற்குச் சுரப்பி இல்லாததால் தாய் நலமாகவே இருப்பார்; ஆனால் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தைராய்டைத் தூண்டும். தாயின் டி.எஸ்.எச். மிகச் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது என்பதுதான் இதிலுள்ள கண்ணி.

எனவே கர்ப்பத்தின் தொடக்கத்தில் டி.ஆர்.ஏ.பி. பார்க்கப்படும், உயர்ந்திருந்தால் 18–22 வாரங்களிலும், தேவைப்பட்டால் 30–34 வாரங்களிலும் மறுபடி பார்க்கப்படும். இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் குழந்தையை ஸ்கேன் மூலம் நெருக்கமாகக் கண்காணிப்பார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு தொடர்ந்து 170-க்கு மேல் இருப்பது, கழுத்தில் வீக்கம், வளர்ச்சிக் குறைவு ஆகியவை குழந்தைக்கு மிகைத் தைராய்டு இருப்பதைக் காட்டும். அப்போது தாய்க்குக் கொடுக்கும் மருந்தின் மூலமே வயிற்றிலுள்ள குழந்தைக்குச் சிகிச்சை நடக்கும். தாய்-சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே 'கிரேவ்ஸ் நோய் இருந்தது' என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பிறந்த குழந்தையை எப்படிக் கவனிக்க வேண்டும்?

கிரேவ்ஸ் உள்ள தாய்மாரின் குழந்தைகளில் 1 முதல் 5 சதவீதம் பேருக்கு மிகைத் தைராய்டு வரலாம். தாய் எடுத்த மருந்து குழந்தையின் உடலில் இருக்கும்வரை நோய் மறைந்திருந்து, சில நாட்கள் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு தலைகாட்டக்கூடும். ஆகவே குழந்தை மருத்துவர்கள் 3–5-ஆவது நாளிலும், மீண்டும் 10–14-ஆவது நாளிலும் இரத்தம் பார்க்கிறார்கள். நன்றாகப் பால் குடித்தும் எடை ஏறாமை, ஓயாத அழுகை, உறக்கமின்மை, அடிக்கடி பேதி, வேகமான மூச்சும் துடிப்பும் ஆகியவை கவனிக்க வேண்டியவை. 'உரம் விழுந்திருக்கிறது' என்று குழந்தையை உலுக்கிக்கொண்டிருப்பதில் நாள் போக்கக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சுமார் 3 முதல் 4 மாதங்களில் கரைந்துவிடும். அதுவரைதான் குழந்தைக்கு மருந்து.

அயோடின் உப்பை நிறுத்த வேண்டுமா? முட்டைக்கோஸ் சாப்பிடலாமா?

உப்பை நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடற்பாசி மாத்திரைகளையும், மருத்துவர் சொல்லாத அயோடின் சொட்டுகளையும் தவிர்த்தால் போதும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றைச் சமைத்து வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடலாம்.

பிரசவமாகி மூன்று மாதம். படபடப்பு, எரிச்சல், எடை வேகமாகக் குறைகிறது. இது என்ன?

பிரசவத்துக்குப் பிந்திய தைராய்டு அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். 100 தாய்மாரில் சுமார் 5 பேருக்கு முதல் ஓராண்டுக்குள் இது வருகிறது. கர்ப்பத்தில் அடங்கியிருந்த நோயெதிர்ப்பு மண்டலம் பிரசவத்துக்குப்பின் மீண்டும் எழும்போது தைராய்டைத் தாக்குகிறது. குதிர் உடைந்து நெல் சிந்துவதுபோல, சேமித்து வைத்திருந்த ஹார்மோன் இரத்தத்தில் கசிகிறது. புதிதாக எதுவும் அதிகம் உற்பத்தியாவதில்லை. அதனால் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் இங்கே எந்தப் பயனும் தராது. கிரேவ்ஸ் என்று நினைத்து மாத்திரை கொடுப்பது இந்த நோயில் நடக்கும் முக்கியமான தவறு.

முழுமையாக நோய் வெளிப்பட்டால் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலில், பெரும்பாலும் 2 முதல் 6 மாதங்களுக்குள், மிகைக் கட்டம் தொடங்கி ஓரிரு மாதங்களில் அடங்கும். பிறகு, சேமிப்பு தீர்ந்துபோய், குறை தைராய்டுக் கட்டம் வரும்: களைப்பு, மலச்சிக்கல், தோல் வறட்சி, ஞாபக மறதி, சோர்ந்த மனநிலை. ஆனால் எல்லோருக்கும் இரண்டும் வருவதில்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே இப்படி வரிசையாக வருகிறது. மற்றவர்களுக்கு மிகை மட்டும், அல்லது குறை மட்டும்.

மிகைக் கட்டம் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாமலேயே போகிறது. பிள்ளை பெற்றவள் சீக்கிரம் இளைத்தால் நம் வீடுகளில் அதை நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்வார்கள். தூக்கமின்மைக்குக் குழந்தையும் எரிச்சலுக்கு மாமியார் வீடும் பழி ஏற்கும். பிறகு குறைக் கட்டத்தில் எடை ஏறும்போதுதான் பரிசோதனைக்கு வருகிறார்கள்.

சிகிச்சை எளிது. மிகைக் கட்டத்தில் படபடப்பு தொல்லை தந்தால் புரோப்ரனலால். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். மிகைக் கட்டம் அடங்கிய பின் 4 முதல் 8 வாரங்களில் மீண்டும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். குறைக் கட்டத்தில் அறிகுறிகள் இருந்தாலோ, மறுபடி கர்ப்பமாக விரும்பினாலோ லெவோதைராக்சின் தரப்படும். ஓராண்டு அளவில் அதைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார்கள். பலர் முழுதும் மீள்கிறார்கள். கணிசமான சிலருக்குக் குறை தைராய்டு நிலைத்துவிடுகிறது. மீண்டவர்களும் ஆண்டுக்கொருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது நல்லது.

அது தைராய்டு அழற்சியா, கிரேவ்ஸா என்று எப்படி முடிவு செய்வது?

காலமும் ஒரு துப்பு. பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் தொடங்குவது பெரும்பாலும் அழற்சி. 4 முதல் 12 மாதங்களுக்குள் கிரேவ்ஸ் புதிதாக வருவதும், தணிந்திருந்தது திரும்புவதும் உண்டு. கண் பிதுக்கம், பெரிய கழுத்து வீக்கம், உயர்ந்த டி.ஆர்.ஏ.பி. ஆகியவை கிரேவ்ஸைச் சுட்டும். ஆன்டி டி.பி.ஓ. என்ற இன்னொரு தைராய்டு எதிர்ப்பொருள் இரண்டிலும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நிலைமை மோசமில்லை என்றால் சில வாரங்கள் பொறுத்து மீண்டும் பரிசோதிப்பதே நல்ல வழி. அழற்சி தானாகத் தணியும், கிரேவ்ஸ் தணியாது. கதிரியக்கத் தைராய்டு ஸ்கேன் தவிர்க்க முடியாததானால், டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தைப் பயன்படுத்திச் சுமார் ஒரு நாள் பாலைக் கறந்து கொட்டிவிட்டுப் பிறகு தாய்ப்பாலைத் தொடரலாம்.

மாத்திரை எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மெத்திமசோல் நாளுக்கு 20 மி.கி. வரையிலும், பி.டி.யு. 450 மி.கி. வரையிலும் பாதுகாப்பானவை என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கார்பிமசோலில் இதற்கு ஈடான அளவை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்வார். பால் கொடுத்து முடித்தவுடன், பிரித்துப் பிரித்து மாத்திரை எடுத்தால் குழந்தைக்குப் போகும் அளவு இன்னும் குறையும். குழந்தையின் எடையும் வளர்ச்சியும் வழக்கமான தடுப்பூசி வருகைகளில் கவனிக்கப்பட்டால் போதும். புரோப்ரனலாலும் தாய்ப்பாலுக்குத் தடையல்ல.

கதிரியக்க அயோடின் சிகிச்சை மட்டும் கூடவே கூடாது. அது பாலில் கலக்கும். குழந்தையின் தைராய்டை நிரந்தரமாக அழிக்கும். பால் சுரக்கும் மார்பகத்திலும் படியும். அந்தச் சிகிச்சை தேவையானால் பல வாரங்களுக்கு முன்பே பால் மறக்கடித்திருக்க வேண்டும்.

அடுத்த குழந்தைக்கு எப்போது திட்டமிடலாம்?

பிரசவத்துக்குப் பிந்திய அழற்சி வந்து குணமானவர்களுக்கு அடுத்த பிரசவத்துக்குப் பின்னும் அது திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். இது கர்ப்பமாவதற்குத் தடையில்லை; பிரசவத்துக்குப் பின் 3, 6-ஆவது மாதங்களில் டி.எஸ்.எச். பார்க்க நினைவு வைத்துக்கொண்டால் போதும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். அவர்களுக்கு இந்த அழற்சி மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

கிரேவ்ஸ் உள்ளவர்கள் மருந்தளவை மாற்றாமலேயே, குறைந்தது ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் அளவுகள் இயல்பாக இருக்கும்வரை கருத்தடையைத் தொடர வேண்டும். கதிரியக்க அயோடின் பெற்றவர்கள் 6 மாதங்கள் காத்திருக்க வேண்டும். நோய் கட்டுக்கடங்காதவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம். கர்ப்பத்தின்போது தவிர்க்க முடியாமல் போனால் அதற்கு ஏற்ற காலம் நடு மூன்று மாதங்கள். கார்பிமசோல் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மாதவிடாய் சில நாள் தள்ளிப்போனாலே வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு, கர்ப்பம் உறுதியானால் அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். பதிவு கிடைத்த நாளில் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் 6-ஆவது வாரம் கடந்துவிடும்.